தெருப் பொங்கல் விழா: தனியாக நடத்திக் கற்றுக்கொண்டவை

மார்கழி நெருங்கும்போதே சென்னையின் பல தெருக்களில் "இந்த வருஷம் நம்ம தெருவிலும் ஏதாவது பண்ணலாமே" என்ற பேச்சு எழும். அந்தப் பேச்சை நம்பிப் பொறுப்பை ஏற்று, ஏறத்தாழ இரண்டு மாத காலத்தையும் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் சொந்தப் பணத்தையும் செலவிட்டவள் நான். விழா நடந்தது; நன்றாகவே நடந்தது என்று பலரும் சொன்னார்கள். ஆனால் எந்த அலுவலகத்தில் எதைக் கேட்க வேண்டும், எந்த நாளைத் தவிர்க்க வேண்டும், யாரிடம் எதை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லாமல் நான் பட்ட பாட்டை, அடுத்து இறங்க நினைப்பவர்கள் படக்கூடாது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் தெரு மந்தைவெளியை ஒட்டியது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிகள் எங்கள் பகுதிக்கு வந்ததிலிருந்து, மாதவரத்திலிருந்து சிப்காட் வரை செல்லும் மூன்றாம் வழித்தடத்துக்காகப் பிரதான சாலைகளில் தடுப்புகள் வைக்கப்பட்டன. திருப்பிவிடப்பட்ட வண்டிகள் உட்தெருக்களில் நுழைந்தன. மாலையில் தெருவில் பந்தாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் வீட்டுக்குள் போனார்கள். தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு அடுக்ககங்களாகிவிட்டதால், எதிர் வீட்டில் இருப்பவர் பெயரே தெரியாத நிலை ஏற்கனவே இருந்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கலுக்கு முன் நடக்கும் மயிலாப்பூர் விழாவில், வடக்கு மாடவீதியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கோலம் போடுவதை நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். "அங்கே போய் வேடிக்கை பார்க்கிறோமே, நம்ம வாசல்ல நாமளே போடக்கூடாதா?" என்று கீழ்வீட்டு மாமி கேட்டதுதான் தொடக்கம்.

நவம்பரில் எங்கள் மொட்டைமாடியில் ஒரு கூட்டம் நடந்தது. கோலப்போட்டி, பிள்ளைகளுக்கு உறியடி, முதியவர்களுக்கு ஒரு பாட்டுப் போட்டி, பொய்க்கால் குதிரை ஆட்டம், கடைசியில் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கலும் சுண்டலும் என்று உற்சாகமாகப் பேசி முடித்தோம். வந்தவர்கள் எல்லோரும் குழுவில் இருப்பதாகச் சொன்னார்கள். டிசம்பர் நடுவில் அந்தக் குழுவில் மிஞ்சியது நான் மட்டுமே. ஒருவருக்கு அலுவலகத்தில் ஆண்டிறுதி வேலை, ஒருவருக்குப் பெண்ணின் பிரசவம், இன்னொருவர் சபா கச்சேரிகளில் முழுகிவிட்டார். யார் மீதும் எனக்கு இப்போது கோபமில்லை. ஆனால் அப்போது, இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் "நாளைக்கு யாராவது என்னோடு ஸ்டேஷனுக்கு வர முடியுமா?" என்று கேட்டுவிட்டு, வரிசையாகக் கட்டைவிரல் படங்கள் மட்டும் வந்து விழுந்ததைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது. கூட்டத்தில் கை தூக்குகிறவர்களை எண்ணாதீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரில் ஒரு பெயரையும் கைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி, அவர்களிடமே கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தயங்குகிறவர் அந்த இடத்திலேயே தெரிந்துவிடுவார். அப்படி ஐந்து பேர் கிடைக்காவிட்டால், விழாவைச் சிறியதாக்குங்கள்; கோலப்போட்டி மட்டும் போதும்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். வீட்டுக்கு இவ்வளவு என்று ஒத்துக்கொண்ட தொகையைக் கூட்டினால் எண்பதாயிரம் வந்தது. கைக்கு வந்தது 43,500 ரூபாய். கேட்கக் கேட்க "ஜிபே பண்ணிடறேன்மா" என்பார்கள். இரண்டாம் முறை கேட்க எனக்கே கூச்சமாக இருக்கும். வந்த பணமும் என் சொந்த வங்கிக் கணக்கில்தான் விழுந்தது, ஏனென்றால் எங்கள் தெருவுக்குப் பதிவு பெற்ற நலச்சங்கம் கிடையாது. இதனால் இரண்டு தொல்லைகள் வந்தன. முதலாவது, என் வீட்டுச் செலவும் விழாச் செலவும் ஒரே கணக்கில் கலந்து, இரவில் உட்கார்ந்து ஒவ்வொரு பரிமாற்றத்தையும் பிரிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது, அதைவிட வலித்தது: "உங்க அக்கவுண்ட்லதானே எல்லாம் வருது" என்று ஒருவர் குழுவில் எழுதினார். அன்று இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் காலையே வரவு செலவு முழுவதையும் தேதி வாரியாக எழுதிக் குழுவில் போட்டேன். அதன்பின் வாரம் ஒருமுறை போடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். பதிவு இருந்தால் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கலாம். அதற்கு நேரமில்லையென்றால், விழாவுக்கென்றே தனியாக ஒரு சேமிப்புக் கணக்கை இருவர் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிட்ட ரசீதுப் புத்தகம் ஒன்றைக் கடையில் வாங்கி, நூறு ரூபாய் கொடுத்தவருக்கும் ரசீது கிழித்துக் கொடுங்கள். ஒத்துக்கொண்ட தொகையை வைத்துத் திட்டம் போடாமல், கையில் வந்த தொகையை வைத்து மட்டும் போடுங்கள்.

இனி அனுமதிகள். என்னை மிகவும் அலைக்கழித்த பகுதி இதுதான். நாங்கள் தேர்ந்தெடுத்த நாள் காணும் பொங்கல். விடுமுறை நாள், எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று நினைத்தோம். தெருவின் ஒரு முனை ஒரு காவல் நிலையத்தின் எல்லையிலும் மறு முனை இன்னொன்றின் எல்லையிலும் இருப்பதே முதல் மனுவை நீட்டியபோதுதான் தெரிந்தது. பந்தல் எந்தப் பக்கம் வருகிறதோ அந்த நிலையத்தில் கொடுங்கள் என்றார்கள். அங்கே கொடுத்தால், ஒலிபெருக்கிக்குத் தனி மனு, தெருவை அடைப்பதற்குப் போக்குவரத்துக் காவலின் கருத்து, பிறகு உதவி ஆணையர் அலுவலகம் என்று அது நகர்ந்தது. மாநகராட்சியின் கோட்ட அலுவலகத்தில் சாலையில் கம்பம் நடுவதற்கும் குப்பை அகற்றுவதற்கும் ஒரு கடிதம். மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்தில் தற்காலிக இணைப்புக்கு ஒரு விண்ணப்பம். சென்னையின் 200 வார்டுகளின் எல்லைகள் வேறு, காவல் நிலைய எல்லைகள் வேறு, மின்வாரியப் பிரிவின் எல்லைகள் வேறு. உங்கள் தெரு இவை ஒவ்வொன்றிலும் எங்கே வருகிறது என்பதை முதல் நாளே கேட்டு எழுதிக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சமாகும். மின் கட்டண அட்டையில் பிரிவின் பெயர் இருக்கும். வார்டு எண் சொத்து வரி ரசீதில் இருக்கும். காவல் நிலைய எல்லையை மட்டும் நேரில் போய்த்தான் உறுதி செய்ய வேண்டும்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, அதாவது பொங்கலன்று மாலை, அனுமதி கிடையாது என்று தகவல் வந்தது. காரணத்தைக் கேட்டபோது மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. காணும் பொங்கலன்று மெரினா, பெசன்ட் நகர் கடற்கரை, கிண்டி சிறுவர் பூங்கா எங்கும் மக்கள் வெள்ளம் திரளும். கடலில் இறங்காதபடி தடுப்புக் கட்டி, தொலைந்துபோகும் குழந்தைகளைக் கண்டுபிடிப்பதற்காகப் பெற்றோரின் கைபேசி எண்ணை எழுதி மணிக்கட்டில் பட்டை கட்டுவது வரை காவலர்கள் அங்கேதான் இருப்பார்கள். கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஒரு தெருவுக்கு அன்று பாதுகாப்புக்கு ஆள் அனுப்ப முடியாது என்பது நியாயமே. "மனு கொடுத்த அன்னிக்கே சொல்லியிருந்தா தேதியை மாத்தியிருப்பேனே சார்" என்று மட்டும் கேட்டேன். அங்கிருந்த காவல் அதிகாரி பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி எழுதிக் கொடுங்கள், தருகிறோம் என்றார். அங்கேயே நின்று, பையிலிருந்த வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். வெளியே வந்து ஆட்டோவில் ஏறிய பிறகு அழுதேன்.

அந்த ஒரு தேதி மாற்றத்தால் போன பணம் 21,500 ரூபாய். பந்தலுக்குக் கொடுத்திருந்த அட்வான்ஸ் 10,000 திரும்பவில்லை. காணும் பொங்கலுக்கு எனக்காக வேறு வேலையை விட்டுவிட்டதாகப் பந்தல்காரர் சொன்னார், அதுவும் உண்மைதான். பொய்க்கால் குதிரைக் குழுவுக்குக் கொடுத்த 8,000 போயிற்று. பொங்கலை ஒட்டிய வாரங்களில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நகரமெங்கும் மேடைகள் இருப்பதால், ஞாயிறன்று அவர்களுக்கு வேறு இடத்தில் ஆட்டம். அச்சடித்திருந்த நோட்டீஸ் 3,500 ரூபாய்க்குப் பழைய காகிதமாயிற்று. ஆகவே எழுத்தில் அனுமதி கைக்கு வரும்வரை எவருக்கும் பெரிய அட்வான்ஸ் தராதீர்கள். கொடுக்க நேர்ந்தால், அனுமதி கிடைக்காமல் தேதி மாறினால் பாதித் தொகையையாவது புதிய தேதிக்குக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எந்த மனுவைக் கொடுத்தாலும் ஒரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: பொங்கல் விடுமுறையை விழாவுக்குத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். நகரத்தில் பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். போகிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் எல்லோரும் ஊரில் இருக்கும் நாள். மார்கழிக் கோலத்துக்கும் அதுவே பொருத்தம்.

தேதி மாறியதைத் தெருவுக்குச் சொல்வது அடுத்த போராட்டம். எங்கள் பக்கத்தில் வீடு வீடாக இலவசமாகப் போடப்படும் அக்கம்பக்கத்து வார ஏடுகளுக்கு நல்ல மதிப்பு உண்டு. 1994-இல் தொடங்கிய மயிலாப்பூர் டைம்ஸ் போல அடையாறுக்கும் மாம்பலத்துக்கும் அண்ணா நகருக்கும் அத்தகைய ஏடுகள் இருக்கின்றன. பெரிய நாளிதழ்களில் இடம்பெறாத கோயில் உற்சவம், குழாய் உடைப்பு, முதியோருக்கான இலவசக் கண் பரிசோதனை எல்லாம் அவற்றில்தான் வரும். ஆனால் வார ஏட்டுக்குச் செய்தி முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். தேதியே உறுதியாகாத நிலையில் நான் எதை அனுப்புவது? வாட்ஸ்அப் குழுவில் போட்ட அறிவிப்போ, பொங்கல் வாழ்த்துப் படங்களின் அடியில் ஒரு மணி நேரத்தில் புதைந்துபோயிற்று. குழுவில் இல்லாத வீடுகள் வேறு இருந்தன: வாடகைக்கு வந்த இளைஞர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள், பின்சந்தில் வசிக்கும் வீட்டுவேலைப் பெண்கள். உண்மையில் கோலம் நன்றாகப் போடத் தெரிந்தவர்கள் அந்தக் கடைசிப் பிரிவினர்தான்.

என்னைக் காப்பாற்றியவர் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணா. ஒவ்வொரு வீட்டிலும் யார் இருக்கிறார்கள், எத்தனை மணிக்குக் கதவு திறக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். புதிய நோட்டீஸ்களை அவரிடம் கொடுத்தபோது, "எங்கிட்ட விடும்மா" என்றவர், தேய்த்து மடித்த ஒவ்வொரு துணிக்கட்டின் மேலும் ஒரு நோட்டீஸை வைத்து, மடிப்பு கலையாதபடி நூலால் சேர்த்துக் கட்டிக் கொடுத்தனுப்பினார். துணியை எடுக்கிறவர் நோட்டீஸைக் கையில் எடுக்காமல் இருக்க முடியாது. பூக்காரம்மா முழம் அளக்கும்போதே வாயால் சொல்லிவிட்டார். ஒரு பகுதியின் செய்தி இன்றும் இவர்கள் வழியாகத்தான் போகிறது என்பதை நான் மனதார நம்புகிறேன். உங்கள் தெருவில் இருக்கும் பால் போடுபவர், செய்தித்தாள் போடும் தம்பி, அடுக்ககக் காவலாளி, ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்கள் ஆகியோரிடம் முதலில் சொல்லுங்கள். அவர்களையும் விழாவுக்கு அழையுங்கள். நோட்டீஸில் நாள், கிழமை, நேரம் மூன்றும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். தேதி மாறினால் பழைய நோட்டீஸ் ஒன்றுகூடக் கதவுகளில் மிஞ்சாதபடி நேரில் போய்க் கிழித்துவிடுங்கள். எங்கள் தெருவில் கிழிக்க விட்டுப்போன ஒன்றைப் பார்த்து, காணும் பொங்கலன்று ஒரு பாட்டி பேத்தியோடு கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

தெருமுனையில் பேனர் வைக்கலாம் என்று பலர் சொன்னார்கள். வேண்டாம் என்று நான் உறுதியாக நின்றேன். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து, இருசக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் உயிரிழந்ததை இந்த நகரம் மறக்கக்கூடாது. முறையான அனுமதியின்றிச் சாலையில் பேனர் வைப்பது குற்றம் என்பதும் ஒருபுறம் இருக்க, நடக்கிறவர் தலைக்கு மேல் எதையும் கட்டாமல் விழா நடத்த முடியும். பந்தலின் உட்பக்கத்தில் ஒரு துணிப் பதாகையோடு நிறுத்திக்கொண்டோம்.

விழா நாள். அதிகாலையில் தெருவைக் கூட்டித் தெளித்து, சாக்கட்டியால் நாலடிக்கு நாலடி கட்டங்கள் போட்டு எண் எழுதினோம். அதற்குள் இரண்டு தடங்கல். நிறுத்தியிருந்த கார்களில் ஒன்றுக்கு உரிமையாளர் ஊரில் இல்லை. அந்தக் காரைச் சுற்றியே கட்டங்கள் போட்டோம். அடுத்து, எதிர் அடுக்ககத்துக்கு வரவேண்டிய தண்ணீர் லாரி தெருமுனையில் நின்று ஒலி எழுப்பியது. லாரிக்காரரிடம் கெஞ்சி, அது உள்ளே வந்து தண்ணீர் இறக்கிவிட்டுப் போகும்வரை காத்திருந்தோம். சக்கரம் ஏறிய கட்டங்களை மீண்டும் போட்டோம். தெருவை அடைக்கும் நாளில் யாருக்குத் தண்ணீர் லாரி வரும், யாருக்கு எரிவாயு உருளை வரும், எந்த வீட்டில் டயாலிசிஸ் நோயாளியோ பிரசவ நாள் நெருங்கிய பெண்ணோ இருக்கிறார் என்பதை முன்கூட்டியே கேட்டுக் குறித்து வையுங்கள். எப்படியானாலும் ஓர் ஆம்புலன்ஸ் தடையின்றிப் போகும் அகலத்தைத் தெருவின் ஒரு பக்கத்தில் திறந்தே விடுங்கள். எங்கள் அனுமதிக் கடிதத்தில் அது நிபந்தனையாகவே இருந்தது.

கோலப்போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்களைவிட வந்தவர்கள் அதிகம். பின்சந்திலிருந்து வந்த ஒரு பெண், 15 புள்ளி 8 வரை இடைப்புள்ளி வைத்து, எழுந்து நிற்காமல் குனிந்தபடியே, மாவு பிடித்த விரல்கள் ஒருமுறைகூடத் தயங்காமல் ஒரே இழையாகச் சிக்குக் கோலத்தை இழுத்து முடித்ததைத் தெருவே சுற்றி நின்று பார்த்தது. அவர் எங்கள் அடுக்ககத்தில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். அவருக்கு முதல் பரிசு என்று அறிவித்தபோது எழுந்த கைதட்டலில், அத்தனை வாரங்களின் களைப்பும் எனக்கு ஒரு கணம் மறந்துபோயிற்று. நடுவர்களை வெளித் தெருவிலிருந்து அழைத்திருந்தது நல்லதாயிற்று. இல்லாவிட்டால் பரிசைப் பற்றி மறுநாள் எழுந்த முணுமுணுப்பு பெரிதாகியிருக்கும்.

மாலையில் பாட்டுப் போட்டி நடக்கும்போது, சத்தம் தாங்கவில்லை என்று யாரோ 100-க்கு அழைத்துவிட்டார்கள். ரோந்து வாகனம் வந்தது. என் கையில் அனுமதிக் கடிதத்தின் அசல் இருந்தது. மைக் செட்டில் கூம்பு ஒலிபெருக்கி இல்லை, பெட்டி ஒலிபெருக்கிகள் மட்டும், அவையும் பந்தலை நோக்கித் திருப்பியிருந்தன. காவலர் பார்த்துவிட்டு, ஒலியைச் சற்றுக் குறைக்கச் சொல்லிச் சென்றார். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றிலிருந்து 100 மீட்டர் வரை அமைதி மண்டலம். புகார் சொன்னவர் மீது எனக்கு வருத்தமில்லை. அவர் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்திருக்கலாம். நாங்கள் எட்டரை மணிக்கே ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டோம். மைக் செட்காரரிடம் முதலிலேயே இதையெல்லாம் சொல்லுங்கள்; அவர்களுக்குச் சத்தம் அதிகமாக இருந்தால்தான் தொழில் சிறக்கும் என்ற நினைப்பு உண்டு.

இன்னொரு தண்டமும் தப்பியது. சமையல்காரர் சுண்டலுக்குக் கொண்டுவந்த காகிதக் கிண்ணங்கள் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உள்ளவை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. அந்தப் பட்டியலில் இத்தகைய காகிதக் குவளைகளும் தட்டுகளும் அடங்கும். நல்ல வேளையாக மாமி அதைக் கவனித்தார். அவசரமாக ஆளை அனுப்பி மந்தைவெளி மார்க்கெட்டிலிருந்து தொன்னை வாங்கி வந்தோம். சமையல் பேசும்போதே இலை, தொன்னை, எவர்சில்வர் டம்ளர் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

மொத்தச் செலவு இதுதான். பந்தல், மேடை, நாற்காலி 22,000, மைக் செட் 9,000, பரிசுகள் 12,000, சிற்றுண்டி 21,000, தற்காலிக மின் இணைப்பு, விளக்கு 6,000, இரண்டு முறை அடித்த நோட்டீஸ் 7,000, திரும்பாத அட்வான்ஸ்கள் 18,000. ஆக 95,000 ரூபாய். வரவு 43,500 போக, என் சேமிப்பிலிருந்து போனது 51,500. கணக்கைக் குழுவில் போட்ட பிறகும் ஒத்துக்கொண்ட பாக்கியில் ஒரு ரூபாயும் வரவில்லை. அந்தப் பணம் என் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று ஒதுக்கியிருந்தது. அதை ஈடுகட்ட நகையை அடகு வைத்தேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் தெருவுக்காக ஒருவர் செய்யும் வேலைக்குப் பின்னால் இப்படிப்பட்ட விலை இருப்பதை, விழாவில் சுண்டல் சாப்பிட்டவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

பிப்ரவரியில் இஸ்திரி அண்ணா, மாமி, முதல் பரிசு பெற்ற பெண், நான் உட்பட ஒன்பது பேர் கூடிச் சங்கம் பதிவு செய்வதற்கான தாள்களில் கையெழுத்துப் போட்டோம். அடுத்த விழா போகிக்கு முந்தைய ஞாயிறு, கோலப்போட்டியும் சிற்றுண்டியும் மட்டும். மனுக்கள் நவம்பர் முதல் வாரத்தில் போகும். சென்ற விழாவுக்கான மனுக்களின் நகல்கள், முத்திரையிட்ட ஒப்புகைகள், எந்த அலுவலகத்தில் எந்தப் பிரிவைக் கேட்க வேண்டும் என்ற குறிப்பு, ஒவ்வொரு விற்பனையாளரும் கேட்ட விலை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். பக்கத்துத் தெருவினர் இருவர் ஏற்கனவே வந்து நகல் எடுத்துச் சென்றார்கள். உங்கள் தெருவிலும் முன்பு விழா நடத்தியவர் யாராவது இருப்பார். மனு எழுத உட்காருவதற்கு முன் அவரிடம் போய் அந்தக் கோப்பைக் கேளுங்கள்.